விளாவிய வெந்நீர்

அன்புள்ள அக்கா,

மகள் பிறந்து 38 நாள் ஆகிறது. சுகப்பிரசவம்தான். எல்லோரும் சொன்ன பாசம் மட்டும் எனக்கு வரவில்லை. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. வீட்டில் சொல்லவில்லை, கணவரிடம்கூட. வயிற்றில் இருந்தபோது பாட்டுக் கேட்கவில்லை, பிள்ளையோடு பேசவில்லை, அதனால்தானா? ஒட்டுதல் வர ஏதாவது புத்தகமோ செயலியோ சொல்லுங்கள்.

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்,

பாட்டுக் கேட்காததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதை விடுங்கள். செயலியும் வேண்டாம்.

போன வாரம் குழந்தை பார்க்க ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சட்டை, கொலுசு, கொசுவலை என்று என் பை முழுக்கப் பிள்ளைக்கு. பெற்றவளுக்கு ஒரு முழம் பூ வாங்கத் தோன்றவில்லை. பத்துப் பேர் தொட்டிலைச் சுற்றி நின்றோம். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பால் பத்துதா?"

இந்தக் கேள்வியை நம் ஊரில் இருந்து ஒழிக்க வேண்டும். பிள்ளை அழுதால் பால் பத்தவில்லை. தூங்கினால், பத்தாமல் சோர்ந்து தூங்குகிறது. அடிக்கடி குடித்தால் அதற்கும் அதே காரணம். பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும், இரவிலும் குடிக்கும், அதுதான் இயல்பு. பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பயமும் கூச்சமும் அதைத் தடுக்கும். ஆக, பத்துப் பேர் நின்று கேட்கிற கேள்வியே பாலை நிறுத்தும். எத்தனை பெண்கள் அந்த ஒரு வார்த்தையில் உடைந்து போயிருக்கிறார்கள்!

1989இல் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அம்மா "கல்நெஞ்சுக்காரி" என்றார். பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் ஆச்சி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு, அக்காவை மணையில் உட்கார வைப்பார். நொச்சி இலை போட்டுக் கொதித்த வெந்நீரை இடுப்பில் சொம்பு சொம்பாக அடித்து ஊற்றுவார். பிள்ளைக்கு ஆனதைவிட அக்காவுக்கு நேரம் அதிகம் ஆகும். ஒருநாள் அந்த வெந்நீருக்கு அடியில் அக்கா சத்தம் போட்டு அழுதாள். ஆச்சி ஏன் என்று கேட்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இன்றும் குளிப்பாட்ட ஆள் வருகிறார், பிள்ளைக்கு மட்டும். பெற்ற உடம்பைத் தொட்டுப் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். முன்பின் பார்க்காத எனக்கு எழுதத் தெரிகிறது, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்ல முடியவில்லையா? இன்று ராத்திரியே சொல்லுங்கள். பிரசவமானதும் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். 38 நாள் என்பது டாக்டரைப் பார்க்க வேண்டிய கணக்கு. பேறுகால மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் இருந்தே 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவீடு இருக்கிறது, தமிழிலும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு 2009இல் இருந்து நடக்கிறது. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும்.

அக்காவை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. தானாகத் தெளிய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நடுவில் ஒருநாள் ஆச்சி அக்காவையே காலை நீட்டச் சொல்லி, பிள்ளையை அவள் கணுக்காலில் குப்புறக் கிடத்தினார். அக்கா கை நடுங்கியது. அண்டாவில் இருந்து தண்ணீர் மொண்டு நான் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"சூடு சரியா இருக்கான்னு பாருடி" என்றாள்.

கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் விளாவ வேண்டியிருந்தது.