மார்ச் மாத வாக்கும் எட்டு மாதக் குழந்தையும்

கேள்வி: நாங்கள் டெக்சஸில் வசிக்கிறோம். சென்ற ஆண்டுதான் குடியுரிமை கிடைத்தது. மகளுக்கு எட்டு மாதம். பள்ளித் தடுப்பூசி விதிகள் தளர்ந்துகொண்டே போவது கவலை தருகிறது. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மார்ச்சில் நடக்கும் பிரைமரி தேர்தலில் வாக்களிக்க முடியுமா? நவம்பர் தேர்தல் போதாதா?
– ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: முடியும். நவம்பர் மட்டும் போதாது. நவம்பரில் தன் சார்பில் நிற்கப்போவது யார் என்று ஒவ்வொரு கட்சியும் முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல்தான் பிரைமரி.

டெக்சஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் கேட்பதில்லை. சாவடியில்தான் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள். பல தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே அந்தக் கட்சியின் மார்ச் தேர்தலில் வென்றவர்தான் பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினர். அந்த மார்ச் தேர்தலுக்கு வருகிறவர்களோ மிகக் குறைவு.

பள்ளியில் சேர எந்த ஊசி கட்டாயம் என்பதை முடிவு செய்வது வாஷிங்டன் அல்ல, மாநிலத் தலைநகரான ஆஸ்டின். மனசாட்சியைக் காரணம் காட்டி விலக்குப் பெறலாம் என்று 2003இல் சட்டம் வந்தது. அதற்கான படிவத்தைச் சுகாதாரத் துறையிடம் கேட்டுத் தபாலில் பெற வேண்டியிருந்தது. 2025இல் நிறைவேறிய 1586ஆம் எண் மசோதா, வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ள வழி செய்துவிட்டது. அதே ஆண்டில்தான் கெயின்ஸ் கவுன்டியை மையமாகக் கொண்டு 762 பேருக்குத் தட்டம்மை கண்டது. தடுப்பூசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள்.

முப்பது ஆண்டுகள் குழந்தை மருத்துவராக இருந்தவள் நான். அந்தச் செய்தியைப் படித்த இரவு தூங்கவில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில் தட்டம்மையை மணல்வாரி என்போம். என் தங்கைக்கு மூன்று வயதில் வந்தது. வாசலில் வேப்பிலை செருகி, அம்மா அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை பிழைத்தாள்; வலது கண் போய்விட்டது. ஊசி அப்போது எங்கள் ஊருக்கு வரவே இல்லை. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது!

உங்கள் மகளுக்குத் தட்டம்மை ஊசியின் முதல் தவணை பன்னிரண்டு மாதத்தில்தான். நோய் பரவும் இடமென்றால் ஆறு மாதத்திலேயே போடுவார்கள், மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் அவளுக்குக் காவல்.

வேட்பாளரிடம் "தடுப்பூசியை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், வழவழவென்று ஒரு பதில் வரும். இப்போதைய உறுப்பினரானால், "1586க்கு எப்படி வாக்களித்தீர்கள்?" என்று கேளுங்கள். புதியவரிடம், "மனசாட்சி விலக்கை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதே கேள்விதான்.

தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாவிட்டால் மே மாதம் மறுசுற்று நடக்கும். மார்ச்சில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை எடுத்தீர்களோ, அந்தக் கட்சியின் மறுசுற்றில் மட்டுமே அப்போது வாக்களிக்கலாம். அதற்கும் போய்விடுங்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சாவடிக்குள் போகலாம், சட்டத்தில் இடமுண்டு.