ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரே டம்ளரில் கலக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடிக்க மாட்டேன் என்கிறான். அதனால் முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கலந்து, ருசிக்குக் குளுக்கோஸ் பவுடரும் போட்டுக் கொடுத்தேன். போக்கு இன்னும் அதிகமாகிவிட்டது. ஏன் டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: அந்த டம்ளரில் மீதி இருந்தால் முதலில் கொட்டிவிடுங்கள் அம்மா. போக்கு கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

குடல் செல்களின் சவ்வு வழியே தண்ணீர் இரண்டு பக்கமும் போகும், வரும். உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் செறிவாக இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் தண்ணீர் சேரும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதேதான். ரத்தத்தின் செறிவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை அளக்கும் அலகு). சரியாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். 245, ரத்தத்தைவிட நீர்த்தது. லிட்டர் பாக்கெட்டை 200 மில்லியில் கலந்தால் 1,200-ஐத் தாண்டிவிடும், குளுக்கோஸ் பவுடரைச் சேர்க்காமலே! அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்புகூட வரலாம். முன்பு 311 ஆக இருந்த ஓ.ஆர்.எஸ். செறிவை 2002-ல் உலக சுகாதார நிறுவனமே 245 ஆகக் குறைத்தது.

சரி, வெறும் தண்ணீர் போதுமா என்றால், போதாது. போக்கில் உப்பும் சேர்ந்தே போகிறது. தவிர, சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் உள்ளே விடும் ஒரு வழி குடல் செல்லில் இருக்கிறது. அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி கெடுவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க அகதி முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்குங்கள். முழுவதையும் குடித்தாக வேண்டும் என்பதில்லை. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடலாம். ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். குளுக்கோஸ் பவுடர், பாக்கெட் ஜூஸ், சோடா எதுவும் வேண்டாம். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்து பற்றி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கெட்டியான கரைசல் ஏற்கெனவே உள்ளே போயிருப்பதால், இன்றே ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது. கண் குழிந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.