மோட்டார்ஹோமில் அவுட்பேக் ஊர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பணி ஓய்வுக்குப் பிறகு, குளிர்காலம் தொடங்கியதும் பிரிஸ்பேன் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் கணவரும் மோட்டார்ஹோமில் மேற்கு குயின்ஸ்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறோம். நான் செவிலியராக இருந்தவள். அவர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்களைப் போல ஓய்வுக்காலத்தில் வண்டியிலேயே குடியிருந்து சுற்றுகிறவர்களை ஆஸ்திரேலியாவில் ‘கிரே நோமட்’ என்பார்கள். ‘அவுட்பேக்’ எனப்படும் உட்பகுதி ஊர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு இதுதான் முதல் பயணம். எந்த வழியாகப் போவது? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பதில்: பிரிஸ்பேனிலிருந்து வாரிகோ நெடுஞ்சாலையில் ரோமா, மிட்செல் வழியாக மோர்வன் வரை போங்கள். அங்கிருந்து லேண்ட்ஸ்பரோ நெடுஞ்சாலை வடமேற்காகத் திரும்பும். ஆகதெல்லா, டாம்போ, பிளாக்கால், பார்கால்டின், லாங்ரீச், விண்டன், கிளான்கரி என்று ஊர்கள் வரிசையாக வரும். கடைசியில் மவுண்ட் ஐசா. மொத்தம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், முழுவதும் தார்ச்சாலை. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நாள் கணக்கைப் பொறுத்தவரை, போவதற்கு மட்டும் மூன்று வாரம் வையுங்கள். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். நான்கே நாளில் மவுண்ட் ஐசாவை எட்டிவிட்டோம் என்று சொல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் பார்த்தது சாலையையும் பெட்ரோல் நிலையங்களையும் மட்டுமே. ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்கினால்தான் அந்த ஊர் உங்களோடு பேசத் தொடங்கும்.

கேள்வி: எந்த மாதத்தில் கிளம்பலாம்?

பதில்: மே முதல் ஆகஸ்ட் வரை. பகலில் இதமான வெயில் இருக்கும். இரவில் 5 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும் என்பதால் நல்ல கம்பளிகள் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், மழைக்காலமும் அப்போதுதான். இங்கே பல இடங்களில் கரிசல் மண். மழை பெய்தால் மண்சாலை பிசினாகிவிடும், சக்கரம் நகராது. ‘சாலை மூடப்பட்டது’ என்ற பலகையைக் கடந்து போனால் அபராதம் உண்டு; அதைவிட, உங்களை மீட்க வருகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. தினமும் காலையில் 13 19 40 என்ற எண்ணில் குயின்ஸ்லாந்து சாலை நிலவரத்தைக் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவின் இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

பதில்: சுற்றுலாவாக வருகிறவர் தம் நாட்டு உரிமத்தோடு குயின்ஸ்லாந்தில் ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கையில் வைத்திருக்கட்டும். சாதாரணக் கார் உரிமத்தோடு, சுமையும் சேர்த்து 4.5 டன் வரை எடை அனுமதிக்கப்பட்ட வண்டியை ஓட்டலாம்; வாடகை மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் முழுக்கப் படியுங்கள். மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்பது பல ஒப்பந்தங்களில் இருக்கும் நிபந்தனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. பெற்றோருக்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்காமல் நகரை விட்டு நகரவே கூடாது.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை, குளியல், குடிநீர் எல்லாம் எப்படி?

பதில்: கூச்சமே வேண்டாம், எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வண்டியின் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். வெளிப்பக்கக் கதவைத் திறந்து அதை இழுத்தெடுத்து, ‘டம்ப் பாயிண்ட்’ எனப்படும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். இந்த வழியில் சின்ன ஊர்களிலும் ஊராட்சி மன்றம் இதை அமைத்து வைத்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செய்தால் நாற்றமே வராது. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் தனித் தொட்டியில் சேரும். அதை ஓடைக்கரையில் திறந்துவிடுவது பெரிய தவறு.

குடிநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஊர்களுக்கெல்லாம் உயிர் கொடுப்பது மண்ணுக்கடியில் இருக்கும் மாபெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை. பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே மலைத்தொடரில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, பல லட்சம் ஆண்டுகளாக மெல்ல நகர்ந்து வந்து, துளையிட்ட இடத்தில் தன் அழுத்தத்தாலேயே மேலே பீறிடுகிறது. விண்டனில் ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வருகிறது. ஆறவைத்துத்தான் குழாயில் விடுகிறார்கள். லேசாகக் கந்தக வாடை அடிக்கும். ஊர்க் குழாய் நீரைக் குடிக்கலாம். வாடை பிடிக்காவிட்டால் ஒரு பாத்திரத்தில் திறந்து வையுங்கள், போய்விடும். ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதிய குழாயிலிருந்து மட்டும் தொட்டியை நிரப்பாதீர்கள். தொட்டி நீர் போக, ஆளுக்கு 10 லிட்டர் நல்ல நீரைத் தனியாக வைத்திருங்கள். வண்டி நின்றுவிட்டால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இதே நீரில் மிட்செல், பிளாக்கால், இல்ஃப்ராகோம் ஊர்களில் வெந்நீர்க் குளங்கள் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் காலையில் முதல் ஆளாகப் போய் இறங்குங்கள். என் முழங்காலுக்கு அது செய்த நன்மையை மறக்க மாட்டேன்.

கேள்வி: ரோடு டிரெயின் என்றாலே பயமாக இருக்கிறது, சகோதரி.

பதில்: ஒரே இழுவண்டிக்குப் பின்னால் மூன்று, நான்கு பெட்டிகள், 53.5 மீட்டர் வரை நீளம். பயப்பட வேண்டாம், மதித்தால் போதும். எதிரே வந்தால் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது ஓரமாகப் போங்கள். அது கடக்கும் நொடியில் காற்று வண்டியைத் தள்ளும். பின்னாலிருந்து முந்த வந்தால், சீரான வேகத்தில் போங்கள். திடீரென்று பிரேக் போடுவதுதான் ஆபத்து. நீங்கள் முந்துவதாக இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெறும் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, வண்டியை ஓரங்கட்டித் தேநீர் போடுங்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யூஎச்எஃப் வானொலியில் 40ஆம் அலைவரிசையை வைத்திருந்தால் அந்த ஓட்டுநர்களே, “இப்போது வாருங்கள், சாலை காலியாக இருக்கிறது” என்று வழி சொல்வார்கள். மிகவும் நல்ல மனிதர்கள்.

கேள்வி: இரவில் ஓட்டலாமா?

பதில்: கூடாது. கங்காருக்கள் அந்தி சாய்ந்ததும் சாலையோரப் புல்லுக்கு வரும். வேலியில்லாத இடங்களில் மாடுகள் சூடான தார்மேல் படுத்திருக்கும். நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய், அவருக்கு இரத்த அழுத்தம். இந்த நிலையில் இவ்வளவு தொலைவு போகலாமா?

பதில்: போகலாம். மருத்துவரிடம் சொல்லி, பயண நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலாக மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகலும், நோய் விவரம் எழுதிய ஒரு தாளும் வண்டியின் முன்பக்கத்தில் இருக்கட்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மோட்டார்ஹோம் குளிர்பெட்டியில் உறைபகுதியை ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். உறைந்த இன்சுலினைத் தூக்கி எறியுங்கள், உருக்கிப் போடாதீர்கள். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே போட்டு வையுங்கள்.

லாங்ரீச்சிலும் மவுண்ட் ஐசாவிலும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. சிறிய ஊர்களிலும் செவிலியர் இருப்பார். அதற்கும் அப்பால் இருப்பவர்களுக்கு ராயல் ஃபிளையிங் டாக்டர் சேவை இருக்கிறது. அது பிறந்ததே இந்த வழியில்தான். ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் பல ஆண்டு முயற்சியால் 1928 மே மாதம் கிளான்கரியிலிருந்து முதல் மருத்துவ விமானம் கிளம்பியது. அங்கே அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. செவிலியராக இருந்த எனக்கு அது கோயில் மாதிரி. போகிறவர்கள் உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: செல்பேசி சிக்னல் கிடைக்குமா? பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள்.

பதில்: ஊருக்குள் கிடைக்கும், ஊர் தாண்டினால் பெரும்பாலும் கிடைக்காது. டெல்ஸ்ட்ரா சிம் வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் தெருவோரத் தொலைபேசிகளிலிருந்து உள்நாட்டு எண்களுக்கு 2021 முதல் இலவசமாகப் பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவசரத்துக்கு, நீங்கள் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் கருவி ஒன்றை வாங்கி உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கிளம்பும்போதும் சேர்ந்த பிறகும் பிள்ளைகளுக்கு ஒரு வரி அனுப்பினால் அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என்ன சாப்பிடுவது?

பதில்: அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், குக்கர். இவை இருந்தால் எந்த ஊரிலும் சாம்பார் கொதிக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சின்னக் கடையிலும் கிடைக்கும், விலைதான் கூடுதல். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் வெள்ளியே வாங்கிவிடுங்கள். ஓட்டும்போது கேஸ் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா வரை போகிறவர்களுக்கு ஒரு தகவல்: எல்லைச் சோதனையில் பழம், காய்கறியோடு தேனையும் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: இலவசமாகத் தங்கும் இடங்கள் நிறைய இருக்கின்றனவாமே? செலவில்லாமல் முழுப் பயணத்தையும் முடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்றங்கரையிலும் கண்காட்சித் திடலிலும் குறைந்த கட்டணத்திலோ கட்டணமில்லாமலோ தங்க விடுகிறார்கள். லாங்ரீச்சுக்கு வெளியே தாம்சன் ஆற்றோரம் இருக்கும் இடம் அவ்வளவு அழகு. ‘ஆர்வி ஃபிரெண்ட்லி டவுன்’ என்ற பலகை மாட்டிய ஊர்கள், நம்மைப் போன்றவர்களுக்காகவே நிறுத்துமிடமும் நீரும் டம்ப் பாயிண்டும் ஏற்பாடு செய்தவை. அந்த ஊர்கள் ஏன் இதைச் செய்கின்றன? கம்பளி விலை விழுந்தது, வறட்சி வந்தது, வங்கிக் கிளைகள் மூடின, இளையவர்கள் கடற்கரை நகரங்களுக்குப் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் வரும் வண்டிகள்தான் இன்று பல பேக்கரிகளையும் மருந்துக்கடைகளையும் திறந்து வைத்திருக்கின்றன. பெருநகரத்தில் மலிவாக வாங்கி அலமாரியை நிரப்பிக்கொண்டு வந்து, இலவச இடத்தில் தூங்கி, குப்பையை மட்டும் அந்த ஊரில் விட்டுப் போவது நியாயமில்லை. டீசலை அங்கே போடுங்கள், லிட்டருக்குச் சில காசு கூடினாலும். ரொட்டியை அங்கே வாங்குங்கள். முடிவெட்டிக்கொள்ளுங்கள். டாம்போவில் கம்பளித்தோலில் கையால் தைக்கும் கரடிப் பொம்மைகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைக்கு ஒன்று வாங்குங்கள். உள்ளூர்ப் பெண்கள் சங்கம் மண்டபத்தில் தேநீரும் ஸ்கோனும் விற்றால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் இந்த ஊர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி அந்த மேசைகளில் கேட்டதுதான்.

கேள்வி: கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

பதில்: லாங்ரீச்சின் குவாண்டாஸ் அருங்காட்சியகத்தையும் விண்டனின் டைனோசர் எலும்புகளையும் யாரும் சொல்வார்கள். நான் பார்கால்டினைச் சொல்வேன். ரயில் நிலையத்துக்கு முன்னால் ‘அறிவு மரம்’ என்ற யூகலிப்டஸ் மரம் நின்றது. 1891இல் கம்பளி கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதன் நிழலில் கூடினார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, தலைவர்கள் சிறை போனார்கள். ஆனாலும் தொழிலாளர் கட்சியின் பிறப்போடு அந்த மரத்தைச் சேர்த்தே இந்த நாடு பேசுகிறது. 2006இல் யாரோ அதற்கு நஞ்சு ஊற்றிக் கொன்றுவிட்டார்கள். பட்ட மரத்தை அங்கேயே காப்பாற்றி, மேலே ஆயிரக்கணக்கான மரக்கட்டைகளைத் தொங்கவிட்டு, பழைய கிளைப்பரப்பை மீண்டும் காட்டும் கூடம் ஒன்றை 2009இல் திறந்தார்கள். காற்றடித்தால் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும். இரவில் விளக்கேற்றிய பிறகும் ஒருமுறை போங்கள்.

ரோமாவில் செவ்வாய், வியாழன் என்றால் மாட்டுச் சந்தையைத் தவறவிடாதீர்கள். தென் அரைக்கோளத்திலேயே பெரிய சந்தை என்கிறார்கள்.

கேள்வி: அம்மா, அந்த ஊர்களில் நம் ஆட்களை எப்படிப் பார்ப்பார்கள்?

பதில்: முதலில் ஒரு கணம் பார்ப்பார்கள், பிறகு எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பேச்சு நீளும். இந்த ஊர்களின் மருத்துவர்களிலும் மருந்தாளுநர்களிலும் நம் நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர் இருப்பதால் நம் முகம் அவர்களுக்குப் புதிதில்லை. ரயில் வருவதற்கு முன் இந்த நிலத்தில் ஒட்டகங்களில் சரக்கு ஏற்றி நடந்தவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்தவர்கள். கிளான்கரியில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் முன்பே இது பழங்குடி மக்களின் நிலம். மவுண்ட் ஐசா பகுதி கல்கடூன் மக்களுடையது. அவர்கள் புனிதமென்று சொல்லும் இடத்தில் படம் எடுக்க வேண்டாமென்றால் எடுக்காதீர்கள்.

கேள்வி: வண்டியை அவர்தான் ஓட்டுவார். எனக்கு ஓட்டத் தெரியாதது குறையா?

பதில்: ஆம், குறைதான் தங்கச்சி, கிளம்பும் முன் சரிசெய்துவிடுங்கள். விண்டனுக்கும் கிளான்கரிக்கும் நடுவே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இடையில் கைனூனா, மெக்கின்லே என்ற இரண்டு சிற்றூர்கள் மட்டுமே. அங்கே அவருக்கு நெஞ்சு வலித்தால் வண்டியை யார் ஓட்டுவது? ஓட்ட மட்டுமின்றி கேஸை மூட, பேட்டரி சுவிட்சை அணைக்க, பீக்கனை இயக்க இருவருக்கும் தெரிய வேண்டும். அவரும் குக்கர் வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஓட்டும் பள்ளியில் பெரிய வண்டியில் சில வகுப்புகள் எடுத்தாலே பயம் தெளிந்துவிடும்.

கேள்வி: மவுண்ட் ஐசாவைத் தாண்டியும் போக ஆசை. அதற்குப் பிறகு?

பதில்: 190 கிலோமீட்டரில் கேமுவீல். அங்கே டீசலை முழுக்க நிரப்புங்கள். அடுத்த நிலையமான பார்க்லி ஹோம்ஸ்டெட் சுமார் 260 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கேமுவீலைத் தாண்டியதுமே மாநில எல்லை. வடக்கு ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு வையுங்கள். மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.