மேடைக் கலைஞர் வாசித்த பழைய பேஸ் கிட்டார்: வாங்குமுன் சில கேள்விகள்

இருபது வருடமாக பேஸ் வாசிக்கிறேன். மற்றவர்களுடைய கிட்டார்களைச் சரிசெய்தும் தருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஒரு ஸ்டுடியோ கலைஞர் வாசித்த, ஃபெண்டர் கம்பெனியின் 1972 ஜாஸ் பேஸ் விலைக்கு வந்திருக்கிறது. அவர் பெயருக்காகவே இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (திருச்சி)

பெயருக்கு விலை கேட்டால், பெயருக்குச் சாட்சி கேளுங்கள். அவர் அந்த பேஸோடு இருக்கும் பழைய போட்டோ ஒன்று போதும். மரத்தின் ரேகை ஓடும் விதம், பெயின்ட் பெயர்ந்த இடம், சிகரெட் சுட்ட தழும்பு எல்லாவற்றையும் போட்டோவோடு ஒப்பிடுங்கள். மர ரேகை நம் கைரேகை மாதிரி. இன்னொன்றில் அப்படியே அமையாது.

சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். 1976க்கு முந்தைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் அது நெக்கை (விரல் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியை) உடம்போடு பிடிக்கும் உலோகத் தகட்டில்தான் இருக்கும். திருகைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறொன்றில் மாட்டிவிடலாம். வால்யூம் குமிழுக்கு அடியில், உள்ளே இருக்கும் பாட் (pot) என்ற பாகத்தின் முதுகில் அடித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். 1377233 என்றிருந்தால் 137 தயாரித்த நிறுவனம், 72 வருடம், 33 அந்த வருடத்தின் வாரம். அந்தப் பாகத்தையும் மாற்றியிருக்கலாம் என்பதால், ஈயம் பற்றவைத்த இடம் கலையாமல் பழையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்சி எதுவும் இல்லையா? பேஸுக்கு உண்டான விலையை மட்டும் கொடுங்கள்.

திருட்டுப் பொருளாக இருந்தால்? (கோவை)

இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்க பேஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986ல் நியூயார்க்கில் திருடுபோனது. அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். பல வருடம் கழித்து பேஸ் வெளிப்பட்டு, யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் நடந்து, கடைசியில் 2010ல் மெட்டாலிகா ராக் குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து அந்தக் குடும்பத்துக்கு மீட்டுத் தந்தார். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972ல் லண்டனில் களவு போய், அரை நூற்றாண்டு கழித்துத்தான் அவர் கைக்குத் திரும்பியது. எத்தனை வருடமானாலும் உரியவர் தேடிக்கொண்டுதான் இருப்பார். அதனால் கலைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். இடையில் நிற்பவர் அதைத் தர மறுத்தால் அந்த பேஸை விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை)

நெக். மற்றதெல்லாம் அப்புறம்.

தடித்த ஈ (E) ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவதில்) ஒரு விரலாலும், நெக் உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. அதற்கு மேல் வளைந்திருந்தால் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இன்னும் இறுகுமா என்று கேளுங்கள். பழைய ஃபெண்டர்கள் பலவற்றில் அதன் திருகு நெக்கின் அடியில் இருப்பதால், நெக்கைக் கழற்றித்தான் திருப்ப முடியும். கடைசிவரை இறுக்கியாகிவிட்டது என்றால் அந்த பேஸ் உங்களுக்குச் செலவு வைக்கும்.

அடுத்து, ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மாட்டாமலே மெல்லிய ஜி (G) ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து, முழுதாக ஒலித்து அடங்கும்வரை காத்திருங்கள். ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒன்று சட்டென்று செத்துப்போகலாம். ஃபெண்டர்களில் இது சகஜம்தான், ஆனால் உங்கள் காதுக்கு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே முடிவு செய்துவிடுங்கள். தினமும் ரெக்கார்டிங் போனவரின் பேஸில் முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் பள்ளம் விழுந்திருக்கும். அது குறையில்லை, உழைத்த அடையாளம். ஃப்ரெட் மாற்றும் செலவை மட்டும் விலையில் கழியுங்கள்.

ஸ்ட்ரிங் பழசாக மங்கிக் கிடக்கிறது. மாற்றிவிடலாமா? (சேலம்)

அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழிய ஸ்ட்ரிங்கை மாற்றமாட்டார். தடித்த ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) ஸ்ட்ரிங். உடம்பில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அந்தத் தொனி பாதி அதிலிருந்து வந்தது. அதனால் ஒரு வாரமாவது வாசித்துப் பாருங்கள். கழற்றினாலும் சுருட்டி கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

புது பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய பெயின்டைச் சுரண்டினால் விலையும் போகும், அவர் வாசித்த தடமும் போகும்.

கலைஞர் காலமாகிவிட்டார். அவர் மனைவி விற்கிறார். சொல்லும் விலை ரொம்பக் குறைவு. வாங்கிக்கொள்ளலாமா? (சென்னை)

முதலில் அந்த அம்மாவிடம் உண்மை விலையைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ரிப்பேர்காரரை வைத்து மதிப்புப் போடச் சொல்லி, அதன்படி கொடுங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால் தவணை கேளுங்கள், ஏமாற்றி வாங்காதீர்கள்.

என்னுடையதும் அப்படி வந்ததுதான். பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்கும் காந்தப் பாகத்துக்கு) மேலே அந்தக் கலைஞர் கட்டைவிரல் ஊன்றி ஊன்றி வார்னிஷ் தேய்ந்து, நாலணா அளவுக்கு மரம் தெரிகிறது. என் கட்டைவிரல் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான் விழும். உறையின் பையில், பாட்டின் கார்டுகளை (chords) பென்சிலில் எழுதிய தாள் ஒன்று இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். நீங்களும் வாங்கும்போது உறையின் பையைத் திறந்து, அவர்கள் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.