செத்து மிதக்காமலே குறையும் கெளுத்திக் குஞ்சுகள்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் சிமென்ட் தொட்டியில் நாட்டுக் கெளுத்திக் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். அங்குல நீளம்கூட வரவில்லை. கெண்டைக்குப் போடுவதுபோலத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் காலையில் ஒரு வேளை போடுகிறேன். செத்து மிதப்பவை குறைவு. ஆனால் குஞ்சுகள் பாதியாகிவிட்டன. என்ன தீவனம் கொடுக்கலாம்?

பதில்: செத்து மிதக்காமல் குஞ்சுகள் குறைகின்றன என்றால், பாம்பு, தவளை, கொக்கு ஆகியவை தொட்டிக்கு வர வழியில்லாத நிலையில், அவை ஒன்றையொன்று தின்கின்றன என்றே கொள்ள வேண்டும். விடியுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். வால் கடிபட்ட குஞ்சுகளும், வாயில் இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருக்க வயிறு புடைத்துக் கிடக்கும் பெரிய குஞ்சுகளும் கண்ணில் படும். பசியும் அளவு வேற்றுமையுமே இதற்குக் காரணங்கள்.

கெளுத்தி புலால் உண்ணும் மீன். கெண்டைக்குப் போதுமான தவிடும் பிண்ணாக்கும் இதன் இளங்குஞ்சுக்குப் போதா. தின்னாமல் அடியில் தங்கும் மிச்சம் புளித்து நீரையும் கெடுக்கும். இந்தப் பருவத்தில் தீவனத்தில் சுமார் 40 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். வீட்டிலேயே தயாரிப்பதானால், உப்பிடாமல் காயவைத்த நெத்திலித் தூள் 40 பங்கு, சோயாப் பிண்ணாக்கு 30, தவிடு 20, கோதுமை மாவு 8, வைட்டமின்–தாது உப்புக் கலவை 2 என்று சேர்த்து, அவித்து, உலர்த்தி, குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவுக்குப் பொடித்துச் சல்லடையில் சலித்துக் கொடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம். கோழிக்கடைக் கழிவைச் செலவில்லாமல் கிடைக்கிறதே என்று போடுவோர் உண்டு. குஞ்சுத் தொட்டியில் அதை ஒருபோதும் போடாதீர்கள்.

உயிருள்ள சிற்றிரைக்குப் பழகிய குஞ்சுகள், திடீரென மாற்றினால் பொடியை ஏற்காது. சில நாள்களுக்கு டாஃப்னியா போன்ற, நீரில் மிதக்கும் மிகச் சிறு விலங்குகளை வலைத்துணியில் வடித்து உடன் கொடுத்து, படிப்படியாகக் குறையுங்கள்.

குஞ்சுகளின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை நாளொன்றுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். கெளுத்தி இருட்டில் இரை தேடும் மீன் என்பதால், பெரும்பகுதியை அந்தி சாய்ந்த பிறகு கொடுங்கள். மூச்சுவிட மேலே வந்து போக எளிதாக, நீர் ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும். ஒளிந்துகொள்ள உடைந்த ஓடுகளைப் போட்டு வையுங்கள். காலையில் மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் குளிர்ந்தால் தீவனத்தைக் குறைக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும், பெரிய குஞ்சுகள் உள்ளே இருக்கும்வரை சிறியவை தப்பா. ஆகவே இன்றே பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுத் தீவனத்தை மாற்றத் தொடங்குங்கள்; வாரம் ஒரு முறை இப்படிப் பிரித்து வாருங்கள்.