இலவச ஃபெங் சுய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடத்தின் அமைப்பையும் திசையையும் பார்த்துப் பலன் சொல்லும் சீன மரபான ஃபெங் சுய்யைச் சீன ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பயின்று, வீடுகளுக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லி வருகிறேன். தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் இலவசமாகச் செய்ய ஆசை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் முதியோர் நிலையம் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுடைய முதல் கேள்வியே "நன்கொடை கூடுமா?" என்பதுதான். எப்படித் தொடங்குவது? வாஸ்துவும் கொஞ்சம் தெரியும், சேர்த்துச் சொல்லலாமா?

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

நன்கொடை கூடும் என்று சொல்லாதீர்கள், கூடலாம் என்றும் சொல்லாதீர்கள். அதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. சொந்தக் காசு கொடுத்து உங்களை அழைக்கும் வீட்டுக்காரருக்கு அது அவரவர் நம்பிக்கை. தொண்டு நிறுவனம் ஊரார் பணத்தில் ஓடுவது.

எதுவரை இலவசம் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை நேரில் வருகை, இரண்டு மணி நேரம், இரண்டு பக்கக் குறிப்பு, மூன்று மாதம் கழித்து ஒரு போன். எதையும் விற்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன் என்ற வரியும் அதில் இருக்கட்டும். இலவச ஆலோசனை படிகக் கல்லிலும், செல்வம் சேர்க்கும் என்று நம்பப்படும் பீசியூ விலங்குப் பொம்மையிலும் போய் முடியும் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மேலாளர் சரி என்றால் மட்டும் போதாது, நிர்வாகக் குழுவிலும் ஒருவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அங்கே பல மதத்தவர் இருப்பார்கள். மேசையை நகர்த்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசலில் சிலை வைத்தால் சொல்வார்கள், அது நியாயமும்கூட.

போவதற்கு முன்பே தரைப்படத்தை வாங்கிவிடுங்கள். தீ விபத்தில் வெளியேறும் வழி அதில் குறித்திருக்க வேண்டும். எந்த ஆண்டு குடிவந்தார்கள், சுவரில் துளைபோட அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தில் உண்மையான தலைவலி திசை அளப்பதுதான். தூண்களுக்குள் இரும்புக் கம்பி, வாசலில் இரும்பு ஷட்டர், பக்கத்திலேயே லிஃப்ட். லுவோபானை (ஃபெங் சுய் திசைகாட்டியை) வாசற்படியில் வைத்து ஒரே அளவோடு விட்டால் ஊசி பொய் சொல்லும். வாசலில் ஒன்று, மூன்று மீட்டர் வெளியே வந்து ஒன்று, ஐந்து மீட்டரில் ஒன்று என எடுங்கள். தள்ளி எடுத்த இரண்டும் ஒத்துப்போய் வாசல் அளவு மட்டும் விலகினால் அதை விட்டுவிடலாம். காந்தம் வைத்த உறை போட்ட கைபேசியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். திசைவட்டத்தின் பிரிவுகளான 24 மலைகளில் ஒவ்வொன்றும் 15 பாகைதான், ஆகவே சின்னப் பிழையே கட்டத்தை மாற்றிவிடும். போதாக்குறைக்கு, புளோக்கின் முகம் ஒரு பக்கமும், பின்னாளில் சுவர் எழுப்பி அடைத்த நிலையத்தின் வாசல் வேறு பக்கமும் பார்க்கும். எதை முகமாக எடுப்பது என்பதில் மரபுக்கு மரபு கருத்து வேறு. அளவு இரண்டு மலைகளின் எல்லைக் கோட்டில் விழுந்தாலும், முகம் எதுவென்று தெளியாவிட்டாலும், திசையையும் காலத்தையும் வைத்துக் கணிக்கும் பறக்கும் நட்சத்திரக் கட்டமே போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அமைப்பைப் பார்க்கும் வடிவ மரபை வைத்துச் சொல்வதே அங்கே போதும்: வாசலை அடைக்கும் அட்டைப்பெட்டிகள், மினுக்கும் குழல்விளக்கு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் வரவேற்பாளர்.

சொந்த வீட்டில் வராத ஒரு சிக்கல் ஆலோசனை அறையில் வரும். வாசலிலிருந்து தள்ளி, வாசலைப் பார்த்து உட்காருவதே அதிகார இருக்கை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சமூக சேவையில் பாதுகாப்பு விதி இதற்கு நேர் எதிர். வந்தவர் கொதித்தெழுந்தால் வெளியேற, ஊழியர் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கே முதலிடம். மேசையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் செங்கோணத்தில் போடுங்கள். ஊழியர் கதவுப் பக்கம் இருப்பார், இருவர் கண்ணிலும் கதவு படும், கதவுக்கு நேர்கோட்டில் எவரும் இருக்க மாட்டார்.

பரிகாரங்களில் உப்புநீர்க் கிண்ணத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் ஆவியாக ஆக உப்பு பூத்து விளிம்பேறி வழியும், அடியிலிருக்கும் இரும்பு அலமாரி துருப்பிடிக்கும். கிண்ணம் கவிழ்ந்தால் தரை வழுக்கும், முதியோர் நடமாடும் இடம் அது. லக்கி பாம்பூ குவளையிலும் சின்ன நீரூற்றிலும் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், சிங்கப்பூரில் அபராதமும் வரும். மறதிநோய் உள்ளவர்கள் கண்ணாடியில் தெரிவது தாங்கள்தான் என்று புரியாமல் மிரள்வதுண்டு. ஆகவே பொதுக்கூடத்தில் கண்ணாடி மாட்டச் சொல்லாதீர்கள்.

ஊழியர்களின் பிறந்த தேதியைக் கேட்டு வாங்காதீர்கள். பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடும் குவா எண் பார்த்து இடம் ஒதுக்குவதில் தொடங்கி, யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று உங்களிடமே கேட்பதில் போய் நிற்கும்.

வாஸ்துவைச் சேர்க்க வேண்டாம். அதில் அக்கினி மூலை தென்கிழக்கு, ஃபெங் சுய்யில் நெருப்பின் திசை தெற்கு. வாஸ்துவில் வடகிழக்கு என்றைக்கும் ஈசானிய மூலை, தண்ணீருக்கு உகந்த இடம். ஃபெங் சுய்யில் கெடுதலான நட்சத்திரமாகக் கருதப்படும் ஐந்து மஞ்சளுக்கு 2025-இல் அதே வடகிழக்கு இடம், 2026-இல் தெற்கு. ஒன்று நிலையான வரைபடம், மற்றது ஆண்டுதோறும் நகர்வது. இரண்டையும் கலந்து எழுதிய குறிப்பை மறுநாள் அவர்களே யாரிடமாவது காட்டுவார்கள், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆண்டுக் கணக்கைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சீனப் புத்தாண்டு வந்ததும் "இந்த வருடத்துக்கும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று போன் வரும். நட்சத்திரம் மாறுவது பிப்ரவரி 4 வாக்கில், லீச்சுன் என்னும் சீன வசந்தத் தொடக்க நாளன்று. அந்தப் பார்வையும் இலவசத்தில் சேருமா என்பது முதல் கடிதத்திலேயே இருக்கட்டும்.