வராத அலாரம் எது?

கேள்வி: எங்கள் சாயப்பட்டறை பாய்லரில் ராத்திரி ஷிப்டில் திடீரென்று இருபது அலாரம் ஒன்றாக வருகிறது. ரீசெட் அழுத்தினால் சரியாகிவிடுகிறது. ஒருவர் சென்சாரை மாற்று என்கிறார், இன்னொருவர் பிஎல்சி (பாய்லரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) கார்டு போச்சு என்கிறார். ஒரே நேரத்தில் இத்தனை கெடுமா?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: கெடாது. முதலில் அந்த ரீசெட் பட்டனிலிருந்து கையை எடுங்கள். அலாரம் பட்டியலை செல்போனில் படம் பிடித்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள். எது முதலில் வந்தது என்பதுதான் துப்பு.

டிரம் லெவல் (பாய்லரில் தண்ணீர் மட்டம்), ஸ்டீம் பிரஷர், ஃப்ளோ மூன்றும் ஒரே நொடியில் விழுந்தால், மூன்று சென்சாரும் பேசிவைத்துக்கொண்டு கெட்டிருக்காது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: 24 வோல்ட் சப்ளை, எர்த், ஜங்ஷன் பாக்ஸ். சென்சார் அனுப்பும் சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்றால், அளவு பூஜ்யமானாலும் 4 வரவேண்டும். அதற்கும் வெகுவாகக் கீழே போனால் ஒயர் அல்லது சப்ளை மேல்தான் என் சந்தேகம். அப்போதும் கேஜ் கிளாஸில் (தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

'கெடாது' என்றேனே, அதில் ஒரு திருத்தம். ஒன்று முன்பே கெட்டு, யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இன்னொன்று கெடுகிற அன்றைக்கு அதுவும் சேர்ந்து வெளியே வரும். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். தண்ணீர் பம்புகள் நின்றன. மாற்று பம்புகள் ஓடியும் தண்ணீர் போகவில்லை. அந்த வழியின் வால்வுகள் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. இதற்கிடையே அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பேனல் விளக்கோ அது மூடியதுபோல் காட்டியது. அந்த விளக்கு சொன்னது மூடச்சொல்லி சிக்னல் போனதை மட்டும்தான், வால்வு மூடியதை அல்ல. வால்வுக்கு அடுத்த குழாய் சூடாக இருந்தது. வால்வு முன்பிருந்தே கசிந்துகொண்டிருந்ததால், சூடு வழக்கமானதுதான் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது பிடிபட.

நான் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்த பேப்பர் மில்லில் ஒரு ராத்திரி முப்பது அலாரம். காற்றழுத்தத்தில் இயங்கும் வால்வுகள் எல்லாம் தன்னிஷ்டத்துக்கு மூடின, திறந்தன. கம்ப்ரஸர் பெல்ட் அறுந்து காற்று இறங்கியிருந்தது. பெல்ட்டை மாற்றினோம், ஓடியது, டீ குடிக்கப் போய்விட்டோம். பாதி டீயில்தான் உறைத்தது: முப்பதில் 'காற்று அழுத்தம் குறைவு' அலாரம் இல்லையே! முதலில் அடிக்கவேண்டியது அதுவல்லவா? பேனலைத் திறந்தால், அந்த அலாரத்தை அடிக்கவேண்டிய பிரஷர் ஸ்விட்சின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே விரல் நீள சிவப்பு ஒயர் ஜம்பர், அதாவது ஸ்விட்ச் வேலை செய்யாதபடி போட்ட குறுக்கு இணைப்பு. எப்போதோ எவரோ தொல்லை தாங்காமல் போட்டது. ஸ்டாண்ட்பை (மாற்று) கம்ப்ரஸர் ஓடாததும் அதே ஸ்விட்ச்சால்தான்.

உங்கள் இருபதில் சப்ளை அலாரம் இருக்கிறதா? இல்லையென்றால் பேனலில் டார்ச் அடித்து ஜம்பரைத் தேடுங்கள். மிகக் குறைந்த வோல்ட்டைப் பதிந்துவைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை சப்ளையில் மாட்டி ஒரு ராத்திரி விடுங்கள். சப்ளை சரியானபிறகும் ஒரே ஒரு அலாரம் மிஞ்சினால், இரண்டாவது கோளாறு அங்கே இருக்கிறது. லோ வாட்டர் ட்ரிப்புக்கு (தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்தும் பாதுகாப்பு) மட்டும் யார் சொன்னாலும் ஜம்பர் போடாதீர்கள்.